பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் கால் சுற்று சுற்றி நிற்கிறது: எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

இரவுப்பறவை:
வணக்கம். ஆறு வருடமான அசெம்பிள் டெஸ்க்டாப். 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), தனி கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்டு டிஸ்க். பட்டனை அழுத்தினால் சிபியு (ப்ராசஸர்) ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது, எஸ்எம்பிஎஸ் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினால் ஒன்றுமே இல்லை. பின்பக்க சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் திரும்பவும் அதே கால் சுற்று. போர்டில் சின்ன எல்இடி எரிகிறது. ராமைக் கழற்றி மாட்டியாயிற்று, பவர் கார்டும் மாற்றியாயிற்று. மல்டிமீட்டர் இருக்கிறது. எதை வாங்குவது? டிஸ்கில் இருப்பவை தப்புமா?

பற்றாசு:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. எல்இடி எரிகிறது என்றால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் இருக்கும் கரண்ட்) வருகிறது. ஃபேன் அசைகிறது என்றால் பட்டனும் வேலை செய்கிறது. மெயின்ஸை அணைத்துப் போட்டால்தான் அடுத்த முயற்சி என்பது, எஸ்எம்பிஎஸ் எங்கோ ஷார்ட்டைப் பார்த்துத் தன்னைப் பூட்டிக்கொள்வதன் அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸே பழுதாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அது கரண்ட் கொடுக்கும் இடங்களை.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மெயின்ஸ் பவர் கார்டைப் பிடுங்கி, பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, மீதிச் சார்ஜ் இறங்கிய பிறகே கை வைக்க வேண்டும். முதலில் டிஸ்க்குகளின் பவர் கேபிள், முன்பக்க யுஎஸ்பி கேபிள். அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. கேபிளை மட்டும் உருவினால் போதாது, ஸ்லாட் வழியாகவும் 12 வோல்ட் போகிறது, கிராஃபிக்ஸ் கார்டையே எடுக்க வேண்டும். கடைசியாக சிபியு பக்கத்து 8 பின் கேபிள். அதை எடுத்ததும் ஃபேன்கள் நிற்காமல் சுற்றினால் எழுதுங்கள்.

எதை எடுத்தும் மாறவில்லை என்றால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்துப் பாருங்கள். அடியில் சிக்கிய ஒரு ஸ்க்ரூ, இடம் மாறிப் பொருத்திய ஒரு ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சின்னத் தூண்), இரண்டும் இதே கூத்தைக் காட்டும்.

கம்பிக்காரர்:
எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க: 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, பச்சை வயரை அடுத்த கறுப்பு வயரோடு ஒரு ஜெம் கிளிப்பால் இணையுங்கள். சுமைக்கு ஒரு கேபினட் ஃபேனோ பழைய டிஸ்க்கோ மாட்டிக்கொள்ளுங்கள், பழைய எஸ்எம்பிஎஸ் சில சுமையில்லாமல் கிளம்பாது.

எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எண்ணாதீர்கள். கனெக்டரின் பூட்டும் கொக்கி இருக்கும் வரிசையில் ஒரு துளை காலியாக இருக்கும், அது 20ஆம் பின். அதன் ஒரு பக்கம் நாலு பின், மறுபக்கம் ஏழு பின். ஏழு இருக்கும் பக்கமாகக் காலித் துளையிலிருந்து நாலாவது எண்ணினால் 16, அதுதான் 'பச்சை'. அதற்கு இரு பக்கமும் கிரவுண்டு, அதாவது 'கறுப்பு'. வரிசையின் தவறான முனையிலிருந்து நாலு எண்ணினால் 5 வோல்ட்டில் போய் நிற்பீர்கள்.

மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் சரி. ஆனால் இதில் தேறிவிட்டது என்பதற்காக எஸ்எம்பிஎஸ் நல்லது என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஒரு ஃபேனைச் சுற்றுவது வேறு, 200 வாட் இழுக்கும்போது தாங்குவது வேறு.

எல்இடியே எரியாமல் பிணம்போல் கிடக்கும் சிஸ்டத்துக்கு வழி வேறு. 24 பின்னைப் போர்டிலேயே விட்டு, ஊதா வயரை (9ஆம் பின்) பின்புறமிருந்து தொட்டு அளங்கள். 5 வோல்ட் இல்லையென்றால், போர்டிலிருந்து உருவி இன்னொரு முறை அளந்து, அப்போதும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம். இருந்தால் பச்சை வயரைப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது அது பூஜ்யத்துக்கு அருகே இறங்கியும் 12 வோல்ட் எழவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் அல்லது ஷார்ட். இறங்கவே இல்லை என்றால் பட்டன் அல்லது போர்டு. பட்டனைத் தள்ளிவைக்க, ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்களில் மாட்டிப் பார்த்தாலே போதும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டில் ஓடுவதன் முதன்மைக் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும், பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும்.

இரவுப்பறவை:
செய்து பார்த்தேன். டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எடுத்தும் அதே கால் சுற்று. 8 பின்னை எடுத்ததும் ஃபேன்கள் நிற்காமல் சுற்றுகின்றன. கிளிப் சோதனையில் 12.1, 5.06, 3.33. அப்படியானால் சிபியு போய்விட்டதா?

பற்றாசு:
சிபியு மேல் இப்போதே பழி போட வேண்டாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் 8 பின் சாக்கெட்டில் மஞ்சள் வரும் பின்னுக்கும் கறுப்பு வரும் பின்னுக்கும் இடையே ஓம் அளங்கள். நல்ல போர்டில் சில நூறு ஓமுக்கு மேல், பெரும்பாலும் கிலோ ஓமில் போகும். ஓரிரு ஓம் காட்டினால் சிபியுவுக்குக் கரண்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட்டோ (சுவிட்ச்போல் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), அதன் முன்னாலிருக்கும் செராமிக் கெப்பாசிட்டரோ ஷார்ட்.

பிறகு சிபியுவை எடுத்துவிட்டு அதையே அளங்கள். ரீடிங் சட்டென்று ஏறினால் மேல்பக்க (12 வோல்ட் பக்கத்து) மாஸ்ஃபெட்தான்: 12 வோல்ட் அதன் வழியாகக் காயிலுக்கும் (கம்பிச் சுருளுக்கும்), அங்கிருந்து சிபியுவுக்கும் நேராகப் போயிருக்கிறது. ஏறவே இல்லை என்றால் கெப்பாசிட்டர், அல்லது மேல், கீழ் (கிரவுண்டு பக்கத்து) இரண்டு மாஸ்ஃபெட்டும். சிபியு உள்ளே இருக்கும்போது காயிலுக்கும் கிரவுண்டுக்கும் ஒரு ஓம் வந்தால் பதற வேண்டாம், அது இயல்பு.

இந்தப் போர்டில் வேறு சிபியுவைப் போட்டு மட்டும் சோதிக்காதீர்கள். ஒன்றேகால் வோல்ட் வாங்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் ஏறினால் அதுவும் போகும்.

எந்த ஃபேஸ் (மாஸ்ஃபெட்டும் காயிலும் சேர்ந்த ஒரு தொகுதி) என்று மல்டிமீட்டரால் பிரிக்க முடியாது. காயில்களின் தடை மில்லி ஓமில் இருப்பதால் எதில் வைத்தாலும் ஒரே ரீடிங்தான். சிபியு இல்லாமல், 12 வோல்ட் பின்னுக்கும் காயிலுக்கும் இடையே 1 வோல்ட்டை 2 ஆம்பியர் வரம்போடு கொடுத்து, மேலே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவினால், முதலில் உலரும் இடத்தில்தான் குற்றவாளி. கழற்ற ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) வேண்டும். அடியில் செம்பு தடிமனாக இருப்பதால் 25 வாட் அயர்னுக்கு ஈயம் உருகாது, இழுத்தால் டிராக் (போர்டின் செம்புத் தடம்) கிழியும். கருவி இல்லாதவருக்கு வேறு போர்டே நல்லது.

இரவுப்பறவை:
சிபியுவோடு 1.4 ஓம். எடுத்ததும் 3 கிலோ ஓம்.

பற்றாசு:
அப்படியானால் மேல்பக்க மாஸ்ஃபெட். சிபியு பிழைத்திருக்கவும் வாய்ப்புண்டு, எஸ்எம்பிஎஸ் உடனே அணைந்தால் சில தப்பிவிடும். உறுதியில்லாததால் அதே சாக்கெட்டில் மதிப்புக் குறைந்த போர்டில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

கம்பிக்காரர்:
டிஸ்க் இந்தப் பாதையில் இல்லை. 5, 12 இரண்டும் ஒழுங்காக இருந்ததால் வேறு சிஸ்டத்தில் மாட்டித் தரவை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் பழைய மாடுலர் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றக்கூடிய) கேபிளைப் புதியதில் செருகிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் அமைப்புக்குப் பொது விதி கிடையாது, வடிவம் ஒத்துப்போய் உள்ளே நுழையும், 5 வோல்ட் இடத்தில் 12 வந்து டிஸ்க் எரியும்.