போர்வெல் தண்ணீரா, சுண்ணாம்பா? கருநீலக் காரில் வெள்ளைப் புள்ளி, கூடவே வலை மாதிரிக் கீறல், உதவுங்கள்

கோட்டையூர்க்காரன்:
வணக்கம். மூன்று வருட வண்டி, கருநீலம். சென்னையில் கூரைக்குக் கீழே நின்றதால் பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகப் போன மாதம் ஊருக்கு வந்தோம், இருபது நாள் தங்கல். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, விசேஷம் என்றதும் வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது என்று ஒரே ஆள் நடமாட்டம். வண்டியை வீட்டை ஒட்டின சந்தில் நிறுத்தியிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தங்கமான மனுஷர், நான் கேட்காமலே தினமும் காலை 10 மணிவாக்கில் பழைய வேட்டியால் புழுதியைத் தட்டி, போர்க் குழாயில் ஹோஸ் மாட்டி வண்டியைக் கழுவிவிடுவார். கழுவின பிறகு துடைப்பதில்லை, வெயிலிலேயே காய்ந்துவிடும்.

இப்போது பானெட், கூரை, இடது பக்கக் கதவுகள் எல்லாம் வெள்ளைப் புள்ளி. ஷாம்பு போட்டுக் கழுவினாலும் அசையவில்லை. காரைக்குடியில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன், மெஷினில் வெள்ளை பேஸ்ட் வைத்து பானெட்டை மட்டும் தேய்த்துக் கொடுத்தார்கள். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, இரண்டு தடவை கழுவினதும் புள்ளி பாதி திரும்பித் தெரிகிறது, அதோடு வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் வேறு. மறுபடி போய்க் கேட்டால் பானெட்டுக்கு முழுசாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். அடிக்கலாமா?

செம்மண்புழுதி:
அடிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இது போர்த் தண்ணீர் வேலை. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு, அதில் கால்சியம், மெக்னீசியம் கரைந்திருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு எங்கே போகும்? அங்கேயே உட்கார்ந்துவிடும். வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான். ஷாம்புவுக்கு அது கரையாது, லேசான புளிப்பு வேண்டும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு கலந்து துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில் கிடைக்கும், போகிறபோது பேட்டரி ஆசிட் என்று கேட்டு வாங்கிவந்துவிடாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
புளிப்புதான் வேண்டும் என்றால் புளியே போதாதா தம்பி? எங்கள் வீட்டுப் பித்தளை அண்டா எல்லாம் இன்றைக்கும் புளியில்தான் துலக்குகிறோம், தங்கம் மாதிரி இருக்கிறது.

செம்மண்புழுதி:
ஆச்சி, நீங்கள் சொன்ன புளிப்பில் தப்பே இல்லை. ஆனால் புளியில் நாரும் மண்ணும் இருக்குமே. பித்தளை அதைத் தாங்கும், கார் பெயின்ட் தாங்காது.

டிங்கர் தம்பி:
பெயின்ட் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கோட்டையூர் அண்ணே, இரண்டு விஷயம் சொல்லுங்கள். இடது பக்கக் கதவில் புள்ளி என்கிறீர்கள், வலது பக்கக் கதவில் இல்லையா? சந்தில் வண்டியின் எந்தப் பக்கம் சுவர்? தண்ணீர்க் கறை என்றால் படுக்கையாக இருக்கிற இடத்தில், அதாவது பானெட், கூரை, டிக்கி மேலே, அதிகம் இருக்கும். கதவில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், அங்கே அவ்வளவு நிற்காது. அப்புறம் புள்ளியின் வடிவத்தையும் பாருங்கள். தண்ணீர்க் கறை வளையம் மாதிரி, ஓரம் வெள்ளையாக, நடுவில் காலியாக இருக்கும். விரல் நுனியால் தடவினால் பெரிதாக ஒன்றும் தட்டுப்படாது.

கோட்டையூர்க்காரன்:
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். தம்பி சொன்னது அப்படியே சரி. பானெட்டிலும் கூரையிலும் வளையம் வளையமாக, காபி டம்ளர் வைத்து எடுத்த தடம் மாதிரி, ஆனால் மிளகு அளவுக்கு. இடது கதவில் இருப்பது வேறு ஜாதி. கடுகு ஒட்டின மாதிரி மேடாக, சொரசொரவென்று, சிலதில் தெறித்த வால்கூடத் தெரிகிறது. சுவர் இருந்தது இடது பக்கம்தான். வெள்ளையடித்ததும் அந்தச் சுவரைத்தான்.

டிங்கர் தம்பி:
அப்போது இரண்டு வியாதி, ஒன்று என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். கதவில் இருப்பது சுண்ணாம்பு. நல்லவேளை, கதவில் மெஷின் வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்தச் சுண்ணாம்பு மணலே உப்புத்தாள் மாதிரி இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கடுமையான காரம், பெயின்டைக் கடிக்கும். காய்ந்த பிறகு காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கல்லாகிவிடும். நகத்தால் சுரண்டக் கூடாது, பிளேடு கிட்டேயே போகக் கூடாது. வினிகர்க் கலவையில் நனைத்த துணியைக் கதவில் ஒட்டின மாதிரி போட்டு இரண்டு நிமிஷம் விடுங்கள். துணியைத் தூக்கிப் பார்த்தால் பொடிப் பொடியாய் நுரை வரும், வந்தால் சுண்ணாம்புதான் என்று உறுதி. காயவிடாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி போடுங்கள். நாலைந்து தடவை ஆகும், பொறுமை வேண்டும். வண்டி நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டும். கடைசியில் கார் ஷாம்புவால் நன்றாகக் கழுவிவிடுங்கள். இன்னொன்று, வாளியை வீட்டு முகப்பில் வைத்துக் கலக்காதீர்கள், தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லில் வினிகர் சிந்தினால் சிமென்டை அரித்துவிடும். காரைச் சரிசெய்யப் போய்த் தரை போய்விடும்.

பானெட் கதைக்கு வருவோம். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான், நம் தலைமுடியின் கனம்கூட இல்லை. பழைய வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைத் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறும். காரில் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த 40 மைக்ரானில் கொஞ்சம் கழிகிறது, திரும்ப வராது. உங்களுக்கு நடந்தது என்னவென்றால், அழுக்கு மண்ணை முழுசாக எடுக்காமல் மெஷினை வைத்திருக்கிறார்கள். அந்தப் பேஸ்டில் இருக்கிற எண்ணெய் கீறலை அடைத்துக்கொண்டு அன்றைக்குக் கண்ணாடி மாதிரி காட்டும், இரண்டு கழுவலில் எண்ணெய் போனதும் உள்ளது உள்ளபடி தெரியும்.

கீறல்மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் மெல்லிய பாலிஷிலேயே பெரும்பாலும் மறையும். மாட்டினால் விட்டுவிடுங்கள், அதைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட் தீர்ந்துவிடும். மறு பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டறைக்காரனே சொல்கிறேன். கம்பெனியில் 140 டிகிரி வாக்கில் சுட்டு எடுத்த பூச்சு அது, நாங்கள் பட்டறையில் பெயின்ட் அடிக்கிற மூடின அறையில் வைத்துச் சூடாக்கினாலும் 60 டிகிரி அளவுதான். அந்த ஒரிஜினலை இரண்டு வெள்ளைப் புள்ளிக்காக யாராவது உரிப்பார்களா?

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி சொன்னதற்கு மேல் வைத்தியம் இல்லை. ஆனால் கழுவுகிற முறையை மாற்றாவிட்டால் அடுத்த விசேஷத்துக்கும் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள். வேட்டியால் புழுதி தட்டுகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வலைக் கீறலில் பாதி அதுதான். செம்மண் புழுதியைக் காய்ந்த துணியால் தட்டினால் அது தட்டல் இல்லை, அரம். முதலில் தண்ணீரை அடித்து மண்ணை இறக்கணும், அப்புறம்தான் கை வைக்கணும். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை வெறும் வாளியில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்கணும். மேலேயிருந்து கீழே வாங்க, சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் துலக்குகிற சோப்பு வேண்டாம், போட்டிருக்கிற மெழுகைச் சேர்த்துக் கழுவிவிடும். காலை ஆறு மணிக்குள் முடித்துவிட்டு மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள்.

கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். காரைக்குடியின் நல்ல தண்ணீரான சம்பை ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் சரி, ஆனால் அதைக் காருக்கு ஊற்ற நமக்கு மனசு வராது. உங்கள் வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம், வளவு, இருக்குமே, மழை பெய்தால் நாலு மூலையிலும் அண்டா வைப்பார்களே, அதுதான் மருந்து. மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது, காய்ந்தாலும் தடம் நிற்காது. முதல் ஐந்து நிமிஷம் ஓட்டு அழுக்கு வரும், அதைக் கீழே விட்டுவிட்டுப் பிடித்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாளி போதும்.

செம்மண்புழுதி:
ஒரேயடியாக செராமிக் கோட்டிங், அதான் பெயின்ட் மேல் பூசுகிற அந்தக் கெட்டியான பாதுகாப்புப் பூச்சு, போட்டுவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு?

தேவகோட்டை ரஸ்தா:
போடலாம், ஆனால் தண்ணீர்ப் புள்ளிக்கு அது மருந்தில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும், அந்த முத்து வெயிலில் அங்கேயே காய்ந்தால் புள்ளி இன்னும் அழகாக விழும். என் வண்டியிலேயே பார்த்துவிட்டேன். டெஃப்லான் கோட்டிங் என்று எங்கேயாவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள், தோசைக்கல்லில் டெஃப்லான் பிடிக்கவே 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கார் பெயின்டை அப்படிச் சூடாக்க முடியுமா? நல்ல கார்னோபா மெழுகு, அது பிரேசில் பனை இலையிலிருந்து வருவது, கையாலேயே பூசலாம். நம் வெயிலுக்கு ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். சீலன்ட், அதாவது செயற்கையாகச் செய்த மெழுகு மாதிரிப் பூச்சு, என்றால் இன்னும் கொஞ்சம் கூட. எதைப் பூசினாலும் காக்கை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுத்துவிடணும், வெயிலில் ஒரு நாள் விட்டாலே பெயின்டில் அச்சு விழுந்துவிடும்.

கோட்டையூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை விடிகாலை சந்தில் நிழல் இருக்கும்போதே ஆரம்பித்தேன். கதவில் துணியைப் போட்டு எடுத்தால் சோடா மாதிரி சின்னச் சின்னக் குமிழி, பையன் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினான். ஆறு தடவை போட்டதில் சுண்ணாம்பு முழுக்கப் போய்விட்டது, பின் கதவில் மட்டும் இரண்டு இடத்தில் மங்கல் தடம் இருக்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பானெட்டில் வளையம் முக்கால்வாசி வினிகரிலேயே போனது. மீதிக்கு மெல்லிய பாலிஷ் வாங்கிக் கையால் ஒரு சாண் இடத்தில் முதலில் பார்த்தேன், நகம் மாட்டாத கீறல் எல்லாம் நன்றாகவே மங்கிவிட்டது. மூன்று வளையம் பெயின்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது, அதை விட்டுவிட்டேன். அண்ணனிடம் இனி ஆறு மணிக்குள் கழுவுங்கள், வேட்டி வேண்டாம் என்று துண்டு வாங்கிக் கொடுத்தேன், அவர் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியாலேயே துடைக்கிறார், அது தனிக் கதை.

மழைத் தண்ணீர் விஷயம்தான் சிக்கல். போன வாரக் கோடை மழையில் அண்டா நிரம்பியிருக்கிறது, அப்பத்தாவிடம் ஒரு வாளி கேட்டேன். போர்த் தண்ணீரில் பருப்பு வேகமாட்டேன் என்கிறது, இதுதான் சமையலுக்கு, காருக்கெல்லாம் கிடையாது என்றுவிட்டார்கள். கெஞ்சினதில் அரை வாளி கிடைத்தது. அரை வாளியில் முழு வண்டியும் அலச வழி இருந்தால் சொல்லுங்கள்.

டிங்கர் தம்பி:
பூவாளியில் ஊற்றி மேலேயிருந்து விடுங்கள் அண்ணே, தாராளமாகப் போதும். இல்லை என்றால் அடுத்த மழைக்கு உங்களுக்கென்று ஐந்தாவது அண்டா ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.