பேறுகால மனநோய்: ஒரு தாய்க்குக் கிடைக்கும் இரக்கம் இன்னொரு தாய்க்கு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் மனநோயைப் பற்றி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் செவிலியராக இருக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் சொன்ன செய்திகளை நினைத்து இரண்டு நாள்களாக எனக்கு உறக்கமில்லை.

2001 ஜூன் 20 அன்று அந்த நகரில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற வெள்ளையினத் தாய், கடுமையான மனப்பிறழ்வு நிலையில் தம் ஐந்து பிள்ளைகளையும் கொன்றார். அவருக்கு முன்பே இருந்த நோய், மருத்துவமனையில் அவர் இருந்த நாள்கள், நிறுத்தப்பட்ட மருந்து என எல்லாவற்றையும் பத்திரிகைகள் விரிவாக எழுதின. அதற்கு ஒன்பது நாள்கள் முன்புதான் சிகாகோவில் மெலனி பிளாக்கர் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினத் தாய், சில மாதமே ஆன மகளை விட்டுவிட்டு, பேற்றுக்குப் பின் வந்த மனப்பிறழ்வால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் 2013 அக்டோபர் 3 அன்று, வாஷிங்டனில், 34 வயதான மிரியம் கேரி என்ற கறுப்பினத் தாய் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளை மாளிகைச் சோதனைச் சாவடியில் தடையை மீறிக் காரை ஓட்டிச் சென்ற அவரிடம் துப்பாக்கி எதுவும் இல்லை. காருக்குள் அவருடைய 13 மாதப் பெண்குழந்தை இருந்தது. பேற்றுக்குப் பின் அவருக்கு மனநோய் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அன்றைய தினம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து நின்று காவலர்களுக்குக் கைதட்டினார்கள் என்று தங்கை சொன்னாள்.

இந்த வேறுபாட்டுக்கு நிறம்தான் காரணமா? நம் ஊர்ப் பெண்களிடம் இதை எப்படிச் சொன்னால் அது அமெரிக்கக் கதையாக மட்டும் நின்றுவிடாமல் இருக்கும்?

பதில் 1: ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், நாகர்கோவில்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். யேட்ஸ் வெள்ளையர் என்பதால் எளிதில் விட்டுவிட்டார்கள் என்று கூட்டத்தில் சொல்லிவிட வேண்டாம். அரசுத் தரப்பு அவருக்கு மரண தண்டனை கேட்டது. 2002-இல் அவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார். அரசுத் தரப்பின் மனநல வல்லுநர், ஒளிபரப்பாகவே இல்லாத ஒரு தொலைக்காட்சித் தொடர் பகுதியைப் பற்றிச் சாட்சியம் சொன்னது வெளிப்பட்டதால்தான் அந்தத் தீர்ப்பு 2005-இல் நீக்கப்பட்டது. 2006-இல் நடந்த மறுவிசாரணையில், மனப்பிறழ்வின் காரணமாக அவர் குற்றமற்றவர் என்று முடிவாகி, மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கேரியின் நிகழ்வும் இதைப் போன்றதன்று. அங்கே விசாரணைக்கே இடமில்லாமல் போயிற்று. இருந்தும் உங்கள் கேள்வி சரியானதே. ஒருவரைப் பற்றி “இவளுக்கு என்ன நோய்?” என்று கேட்ட ஊர், இன்னொருவரைப் பற்றி “இவள் என்ன ஆபத்தை உண்டாக்க வந்தாள்?” என்று கேட்டது.

அந்தப் பாகுபாடு செய்தித்தாளில் தொடங்குவதில்லை. சிகிச்சை அறையிலேயே தொடங்கிவிடுகிறது. நியூ ஜெர்சி மாநிலத்தில் அரசு மருத்துவ உதவி பெறும் 29,000-க்கும் மேற்பட்ட ஏழைத் தாய்மாரைப் பற்றிய ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. பேற்றுக்குப் பின் மனநலச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் வெள்ளையரில் 9 விழுக்காடு, லத்தீன் அமெரிக்கப் பெண்களில் 5 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 4 விழுக்காடு. எல்லோரும் ஏழைகள், எல்லோருக்கும் ஒரே அரசுத் திட்டம். அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். சிகிச்சை பெறாதவளின் நோய் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. பிறகு ஏதேனும் நேர்ந்தால் அவளுக்காகப் பேச எந்தச் சான்றும் இருப்பதில்லை.

நோயைப் பற்றியும் கூட்டத்தில் சொல்லுங்கள். பேற்றுக்குப் பின் சில நாள் வரும் அழுகையும் கலக்கமும் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. அவை தாமாகவே தணிந்துவிடும். வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு வேறு. ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில் வரும் மனப்பிறழ்வு இன்னும் வேறு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தொடங்கும் அந்த நிலையில், உறக்கம் அறவே போகும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் எழும். அது அவசரச் சிகிச்சைக்கு உரியது, சிகிச்சையால் குணமாவது. எங்கள் காலத்தில் வீட்டார் “காற்று பட்டுவிட்டது” என்று சொல்லி, மூன்றாவது வாரத்தில்தான் அழைத்து வருவார்கள்.

பதில் 2: வழக்குரைஞர், நாகர்கோவில்

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1922-இல் முதலில் வந்த சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 1938-ஆம் ஆண்டுச் சட்டம், பேற்றின் விளைவாக மனம் நிலைகுலைந்த தாய் தன் கைக்குழந்தையைக் கொன்றால் அதைக் கொலையாகக் கருதாமல் தனிக் குற்றமாகக் கருதுகிறது. நம் நாட்டில் அப்படியொரு தனிப்பிரிவு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84) சித்தம் பிறழ்ந்தவருக்குப் பொதுவாகப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையது. மருத்துவச் சீட்டு இருக்கும் வீட்டுப் பெண் அதைக் காட்டுவாள். மந்திரவாதியிடமோ செபக்கூட்டத்துக்கோ மட்டும் அழைத்துச் செல்லப்பட்டவள் எதைக் காட்டுவாள்? மேலே செவிலியர் அம்மா சொன்னது நீதிமன்றத்திலும் அப்படியே பொருந்தும்.

பதில் 3: குளச்சல் அருகே கடற்கரைக் கிராமத்திலிருந்து

நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு வார்த்தை எங்களுக்கு மிகவும் பழக்கமானது. அவர்கள் “உறுதியானவர்கள், எதையும் தாங்குவார்கள்” என்று அங்கே புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியால் அவர்கள் சொல்லும் வலியை நம்ப மறுக்கிறார்கள்.

என் அண்ணி இரண்டாவது பிள்ளையைப் பெற்று பன்னிரண்டாம் நாள், கூரையைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார். நாங்கள் அழைத்துச் சென்ற இடத்தில், “கடப்புறத்துப் பெண்களுக்கு நல்ல மனதிடம், இதெல்லாம் வராது, வீட்டில் சண்டையா?” என்று கேட்டு, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அதே கேள்வியை வேறு வீட்டுப் பெண்ணிடம் கேட்டிருப்பார்களா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்து, அவரே ஆட்டோ பிடித்து வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனதால் அண்ணி பிழைத்தார். இன்று அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பு.

1859-இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை அளித்த அறிவிப்பில்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தைப் பிறப்பை வைத்து அளந்த மண் இது; அவளுடைய நோயையும் அப்படி அளக்கும் பழக்கம் முற்றிலும் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி கேட்டவர்: தக்கலை ஆசிரியை

மூவருக்கும் மிகவும் நன்றி. யேட்ஸின் முதல் தீர்ப்பைப் பற்றிச் செவிலியர் அம்மா எழுதியிராவிட்டால் கூட்டத்தில் தவறாகச் சொல்லியிருப்பேன். மெலனியின் பெயரால் கொண்டுவரப்பட்ட தாய்மார் மனநல மசோதா, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2010-இல் அமெரிக்கச் சுகாதாரச் சட்டத்தின் பகுதியாயிற்று என்பதைத் தங்கை இப்போது சொன்னாள். மகளை இழந்த ஒரு தாய் விடாமல் போராடியதால் கிடைத்தது அது.

குளச்சல் சகோதரரே, உங்கள் அண்ணி சம்மதித்தால், ஊரும் பெயரும் சொல்லாமல் அவர்களுடைய பன்னிரண்டாம் நாளிலிருந்தே என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐயும், இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம் என்ற குறிப்போடு, சீட்டில் அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்போகிறேன். கடற்கரை ஊர்களில் எந்தக் கூட்டத்தில் அந்தச் சீட்டைக் கொடுக்கலாம் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.