‘கத்தியாலும்தான் சாகிறார்கள்’: இந்த வாதத்தைச் சந்தித்தவர்கள் பகிருங்கள்

எண்கணக்கன்:

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேச்செடுத்தால் நாலாவது வரியில் லண்டன் வந்துவிடும். "இங்கிலாந்தில் துப்பாக்கியைப் பிடுங்கினார்கள், என்ன ஆயிற்று? கத்தியை எடுத்துக்கொண்டார்கள்." 2018 மே மாதம் டல்லாஸில், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் கூட்டத்தில் டிரம்ப் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றைப் போர்க்களத்தோடு ஒப்பிட்டுப் பேசியதிலிருந்து இதைக் கேட்காத விவாதமே இல்லை.

கோபப்பட வேண்டாம், ஒரு வகுத்தல் கணக்கு போதும். எஃப்.பி.ஐ.யின் 2019 கொலை அட்டவணையில் ஆயுதம் வாரியாகப் பதிவானவை 13,927. அதில் துப்பாக்கி 10,258, கத்தி முதலிய கூர் ஆயுதங்கள் 1,476. மக்கள்தொகை ஏறத்தாழ 32.8 கோடி. ஆகக் கத்திக் கொலை மட்டும் லட்சம் பேருக்கு 0.45. இங்கிலாந்து-வேல்ஸில் 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் கூர் ஆயுதத்தால் கொல்லப்பட்டவர்கள் 262 பேர். மக்கள்தொகை 6 கோடிக்குச் சற்று மேல். லட்சத்துக்கு 0.43.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சொல்லப்போனால் அமெரிக்க எண் குறைத்துக் காட்டப்பட்டது. அந்த ஆண்டின் மொத்தக் கொலை மதிப்பீடு 16,425. ஆயுத விவரம் அனுப்பாத காவல் துறைகளின் வழக்குகள் அட்டவணைக்குள் வரவே இல்லை. அதாவது "துப்பாக்கி இல்லாததால் கத்திக்கு மாறிய" நாட்டில் நடக்கும் கத்திக் கொலை, துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் நடப்பதைவிடக் கூடுதல் இல்லை. அமெரிக்காவில் கத்திக்கு மேல் இன்னொரு 3.1 துப்பாக்கியால் சேர்கிறது. இங்கிலாந்து-வேல்ஸில் அந்தப் பகுதி 0.05கூட வராது.

வருடம் வேறு வேறு என்று யாராவது மடக்குவார்கள். சரியான கேள்வி. ஆயுதம் வாரியான அட்டவணையை 2019க்குப் பிறகு நம்பி எடுப்பது சிரமம். 2021இல் எஃப்.பி.ஐ. பதிவு முறையையே மாற்றியது, பல பெரிய நகரக் காவல் துறைகள் அந்த ஆண்டு தரவே அனுப்பவில்லை.

டெக்சாஸ்காரன்:

கணக்கு சரி, ஆனால் எதிர்த்தரப்பில் வரும் எல்லாமே பொய் என்று நினைத்துவிட வேண்டாம் சார். அதே அட்டவணையிலிருந்து எடுக்கும் இன்னொரு வரியை எங்கள் பக்கம் அடிக்கடி கேட்கலாம்: "ரைஃபிளால் 364, கத்தியால் 1,476. பிறகு ஏன் ரைஃபிளைத் தடை செய்கிறீர்கள்?" எண் உண்மையானதுதான். அடுத்த வரியையும் படிக்க வேண்டும், அவ்வளவுதான்: கைத்துப்பாக்கி 6,368, "வகை குறிப்பிடவில்லை" 3,281. இந்த 3,281க்குள் எத்தனை ரைஃபிள் என்பதற்கு அட்டவணையில் விடை கிடையாது. அப்படியே இருந்தாலும், தினசரிக் கொலைகளில் பெரும்பங்கு கைத்துப்பாக்கியின் வேலை. 1994 முதல் 2004 வரை இருந்த மத்தியத் தடைச் சட்டம் சில வகை ரைஃபிள்களையும் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் கூடு) குறிவைத்தது. சாதாரணக் கைத்துப்பாக்கியைத் தொடவில்லை. "ரைஃபிள் தடையால் மொத்தக் கொலை எண்ணிக்கை பெரிதாக இறங்காது" என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. "ஆகவே எந்தச் சட்டமும் வேண்டாம்" என்று அவர் தாவும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் இடம் பெரும்பாலும் நடைமுறை ஓட்டை. உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பினால் எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சரிபார்ப்புக்குப் போகும். மூன்று வேலை நாளில் "ஆம், இல்லை" எதுவும் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம், மத்தியச் சட்டம் தடுக்காது. 2015 ஜூன் 17 அன்று சார்லஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி வந்தது இப்படித்தான். போதைப்பொருள் வழக்குப் பதிவைச் சரிபார்ப்பவர் தேடி எடுப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. தனியாள் தனியாளுக்கு விற்பதற்கு மத்தியச் சட்டத்தில் இந்தப் படிவமும் தேவையில்லை; சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன.

இன்னொன்று, இரு தரப்பும் மறப்பது. அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். கத்தியோடு ஒப்பிடும் வாதம் இவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்து, நெருக்கடியில் இருப்பவர் மீளும்வரை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பது உயிர் காக்கும் வேலை. துப்பாக்கி வைத்திருக்கிற பலரும் இதை ஒப்புக்கொள்வார்கள். சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால்தான் சண்டை.

நைட் டியூட்டி:

"கொல்ல நினைப்பவன் எதைக் கொண்டும் கொல்வான்" என்ற வாதத்துக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே விடை வந்துவிட்டது. அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர் ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் 1968இல் சிகாகோ காவல்துறைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். தாக்கியவர்களில் பலர் திட்டம் போட்டுக் கொல்ல வந்தவர்கள் அல்ல. குடி, வாய்ச்சண்டை, பழைய பகை. துப்பாக்கித் தாக்குதலும் கத்தித் தாக்குதலும் ஒரே மாதிரிச் சண்டைகளில்தான் நடந்தன. ஆனால் துப்பாக்கியால் தாக்கப்பட்டவர் இறக்கும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. 1972இல் துப்பாக்கிகளுக்குள்ளேயே பார்த்தபோது சின்ன .22ஐவிட .38 (குழலின் விட்டம், அங்குலத்தில்) அதிகம் கொன்றது. கோபம் அதேதான், தோட்டாவின் அளவுதான் வேறு.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். கத்தி போன பாதை மட்டும் கிழியும். 9 மி.மீ. தோட்டா விநாடிக்கு 350 மீட்டர் அளவில் போகிறது; .223 ரைஃபிள் தோட்டா 900 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றலோடு. பாதைக்கு வெளியே இருக்கும் தசையும் ஈரலும் விரிந்து கிழிகின்றன. எலும்பில் பட்டால் எலும்புச் சில்லே இன்னொரு தோட்டாவாகிறது. அதற்காகக் கத்திக்குத்தைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. வெளியே ஒரு சென்டிமீட்டர் வாய், உள்ளே இதயம் வரை போயிருக்கும். சட்டையில் ரத்தம் அதிகம் இல்லையே என்று ஏமாறுவது இங்கேதான்.

உதவிக்கு நிற்பவர் செய்ய வேண்டியது இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. முதலில் தாக்கியவன் போய்விட்டானா என்று பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். துணியைக் கிழித்து அக்குள், முதுகு, இடுப்பு எல்லாம் தேடுங்கள். குண்டு நுழைந்த துளை ஒரு பக்கம், வெளியேறிய துளை மறுபக்கம் இருக்கலாம். குத்து ஒன்றுக்கு மேல் இருக்கலாம். கை, காலில் ரத்தம் பீய்ச்சினால் நேராக அழுத்துங்கள். நிற்காவிட்டால் காயத்துக்கு 5-7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பட்டை) கட்டி நேரத்தைக் குறியுங்கள். கழுத்தோரம், அக்குள், தொடை இடுக்கில் கட்ட முடியாது. அங்கே சுத்தமான துணியைக் காயத்துக்குள் இறுக்கித் திணித்து விடாமல் அழுத்த வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் திணிக்கக் கூடாது. குத்திய கத்தி உள்ளே இருந்தால் உருவாதீர்கள், அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அசையாமல் இரு பக்கமும் முட்டுக்கொடுங்கள்.

ஒரே நேரத்தில் பலர் தாக்கப்படும் சம்பவங்களில் வித்தியாசம் இன்னும் அப்பட்டம். 2012 டிசம்பர் 14, ஒரே நாள். சீனாவின் ஹெனான் மாநிலத்தில் சென்பெங் கிராமப் பள்ளியில் ஒருவன் கத்தியோடு புகுந்து 23 குழந்தைகளையும் ஒரு மூதாட்டியையும் வெட்டினான். ஒருவரும் சாகவில்லை. அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் ஐந்து நிமிடத்துக்குள் 154 தோட்டா. 20 குழந்தைகள், 6 பெரியவர்கள் செத்தார்கள்.

இந்த ஜோடியை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் விவரமானவர் என்றால் சாகமிஹாராவை எடுப்பார். 2016 ஜூலையில் ஜப்பானில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் ஒற்றை ஆள் கத்தியால் 19 பேரைக் கொன்றான். உண்மை. ஆனால் அது நடு இரவு, எழுந்து ஓட முடியாதவர்கள், தூக்கத்தில் இருந்தார்கள், அவன் அங்கே முன்பு வேலை பார்த்தவன். 2014 குன்மிங் ரயில் நிலையத்தில் 31 பேர் இறந்தார்கள்; வெட்டியது ஒரு கும்பல். கத்தியால் பெரிய எண்ணிக்கையில் கொல்ல இப்படி ஏதாவது கூட வேண்டியிருக்கிறது. 2017 லாஸ் வேகஸில் ஒற்றை ஆள் 32ஆம் மாடி ஜன்னலிலிருந்து சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல் சுட்டான். கத்திக்காரன் ஒரு கைத்தூரத்துக்குள் வந்தாக வேண்டும். நாற்காலியை வீசலாம், கதவைச் சாத்தலாம், ஓடலாம். துப்பாக்கிக்காரனை மடக்க அவன் தோட்டா மாற்றும் நொடிதான் வாய்ப்பு. 2011இல் டூசானில் 33 தோட்டா மேகசின் காலியாகி அடுத்ததை மாட்டப் போனபோதுதான் ஆட்கள் பாய்ந்து அமுக்கினார்கள். மேகசின் அளவுக்கு வரம்பு கேட்பதன் காரணம் இதுதான்.

ஹாரோ கடைக்காரர்:

இங்கிலாந்துச் சட்டத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். 1996 மார்ச் 13 ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஆசிரியையையும் கொன்றவன் வைத்திருந்த கைத்துப்பாக்கிகள் நான்கும் முறையான உரிமத்தோடு இருந்தவை. 1997இல் இரண்டு சட்டங்கள்: முதலாவது .22க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளுக்கு, இரண்டாவது .22க்கும் சேர்த்து. 1,62,000க்கு மேல் ஒப்படைக்கப்பட்டன. வட அயர்லாந்துக்கு இது பொருந்தாது. ஷாட்கன்னும் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) வேட்டை ரைஃபிளும் இன்றும் உரிமத்தோடு வைத்திருக்கலாம். "இங்கிலாந்தில் துப்பாக்கியே கிடையாது" என்பது தவறு. 2010 கம்ப்ரியாவில் 12 பேரையும் 2021 பிளிமத்தில் 5 பேரையும் கொன்றவை உரிமம் பெற்ற துப்பாக்கிகளே. பிளிமத்தில் பறிமுதல் செய்த ஷாட்கன்னைக் காவல்துறையே திருப்பிக் கொடுத்திருந்தது.

தடைக்குப் பிறகு துப்பாக்கிக் குற்றம் உடனே இறங்கவும் இல்லை. 2000களின் நடுப்பகுதி வரை ஏறியது, பிறகுதான் இறங்கியது. சட்டப்படி வைத்திருந்தவர்களிடமிருந்து துப்பாக்கியைத் திரும்ப வாங்கியதால் மட்டும் கள்ளச் சந்தை வற்றிவிடாது. போலித் துப்பாக்கியை மாற்றியமைப்பது இன்றைய தலைவலி. 2025 பிப்ரவரியில் துருக்கித் தயாரிப்பான, சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத்தோட்டாத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது அதனால்தான்.

கத்தி விஷயம் முற்றிலும் வேறு. துப்பாக்கியை உடைமையில் வைத்துக் கட்டுப்படுத்தலாம். கத்தி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கூர் ஆயுதக் கொலைகளில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு சமையலறைக் கத்தியால் நடப்பவை. அதனால் சட்டம் வெளியே கொண்டுபோவதையும் விற்பதையும்தான் பிடிக்க முடியும். பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் கத்தி வைத்திருந்தால் நான்கு வருடம் வரை சிறை. 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு விழாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு. தற்காப்புக்கு என்று சொன்னால் காரணமாகாது. அமெரிக்கரிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். ரெஸ்டாரண்டில் சமைக்கும் நம்மவர்கள் கத்தியைச் சுற்றிக்கட்டி வேலைக்கும் வீட்டுக்கும் நேராகக் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. வேலை முடிந்து காரிலேயே ஒரு வாரம் கிடந்து, "மறந்துவிட்டேன்" என்றால் அது மட்டும் போதாது.

கடை வைத்திருக்கும் தமிழர்களுக்கு: 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, சமையல் கத்தி, கோடாலி, கட்டர் பிளேடு எல்லாம் சேர்த்தி. (ஸ்காட்லாந்தில் சமையலறைக் கத்தி மட்டும் 16 ஆனால் விற்கலாம்.) கடைக்காரர் விற்கிறாரா என்று பார்க்க அதிகாரிகளே சிறுவர்களை வாங்க அனுப்புவார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பகுதிநேர ஊழியர் நிற்கும் நேரத்தில். கத்தியைக் கவுண்டருக்குப் பின்னால் பூட்டி வையுங்கள், 25க்குக் கீழ் தெரிந்தால் அடையாள அட்டை கேளுங்கள், மறுத்த விற்பனையை நோட்டில் தேதி நேரத்தோடு எழுதி ஊழியர் கையெழுத்து வாங்குங்கள். "எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன்" என்று காட்ட அந்த நோட்டும் பயிற்சிப் பதிவும்தான் கைகொடுக்கும்.

கூர்முனை இல்லாத கத்தி வேண்டும் என்ற யோசனையும் உண்டு. 2005இல் லண்டன் அவசரப் பிரிவு மருத்துவர்கள் மூவர் பத்துச் சமையல்காரர்களைக் கேட்டுவிட்டு, நீளமான கூர்முனைக் கத்திக்குச் சமையலில் அவசியமே இல்லை என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். மீன் வெட்டத் தெரிந்த நம்மூர்ப் பாட்டிகளையும் கேட்டிருக்கலாம்.

எண்கணக்கன்:

கடைசியாக இரண்டு பொறிகள். ஒன்று, "இங்கிலாந்தில் வருடத்துக்கு 50,000 கத்திக் குற்றம்" என்பதை அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளுக்குப் பக்கத்தில் வைப்பது. அந்த 50,000இல் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வழிப்பறி. கத்தியைக் காட்டி மிரட்டினாலும் கணக்கில் வரும். குத்துப்பட்ட எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி சேர்க்கையைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2023-24இல் அது 4,000க்கு நெருக்கமாக இருந்தது. மரணத்தோடு மரணத்தை, காயத்தோடு காயத்தை வையுங்கள்.

இரண்டு, மாதக் கணக்கு. 2018 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லண்டன் கொலைகள் நியூயார்க்கைத் தாண்டின, தலைப்புச் செய்தி ஆனது. ஆண்டு முடிவில் லண்டன் 140ஐ எட்டவில்லை, நியூயார்க் 290 அளவில் இருந்தது. இரு நகரத்தின் மக்கள்தொகையும் கிட்டத்தட்டச் சமம்.

ஸ்காட்லாந்தைத் தனியே எடுங்கள், இங்கிலாந்தோடு கலக்காதீர்கள். 2004-05இல் அங்கே 130க்கு மேல் கொலைகள். கிளாஸ்கோவில் 2005இல் வன்முறைக் குறைப்புப் பிரிவு தொடங்கி, கத்திக்குத்தைத் தொற்றுநோய் போலக் கையாண்டார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே இளைஞனைச் சந்திப்பது, கும்பல்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது, வேலை தேடித் தருவது. 2023-24இல் எண்ணிக்கை 60க்குள் வந்துவிட்டது. கத்தி விற்பனை அங்கே நிற்கவில்லை.