மதிப்புரைக்குக் காசு கொடுக்கலாமா?

கோத்தகிரி வாசகர்:
சிறு தேயிலை விவசாயிகள் பற்றிய என் நூல் 300 பிரதி அச்சாகுது. அமேசானில் மதிப்புரை எழுத ஒருத்தர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

குன்னூர்க்காரன்:
வேண்டவே வேண்டாங்க. அமேசான் விதிப்படி அது தடை; தெரிஞ்சா மதிப்புரையை நீக்குவாங்க, கணக்கே முடங்கலாம். இலவசப் பிரதி தரலாம். ஆனா எழுதியே ஆகணும்னு நிபந்தனை போடக் கூடாது. சொந்தக்காரங்க எழுதினாலும் நீக்கிடுவாங்க. அமெரிக்காவின் கிர்கஸ்ங்கிற நூல் மதிப்புரை இதழ் காசு வாங்கித்தான் சுயபதிப்பு நூல்களை மதிப்பிடுது, ஆனா பாராட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. அவங்க விமர்சனம் பாதகமா வந்தா, வெளியிட வேண்டாம்னு நூலாசிரியர் சொல்லிடலாம். தமிழ் நூலுக்கு அது வீண்செலவு.

உதகை நூலகன்:
அந்தப் பணத்துக்கு 20 பிரதி ஒதுக்குங்க. இதழ்களுக்கு 2 பிரதி வீதம் அனுப்பணும். விலை, பக்கம், பதிப்பகம், தொலைபேசி எண் எழுதின சீட்டை உள்ளே வைங்க. தேயிலை பற்றி ஏற்கெனவே எழுதுறவங்களாத் தேடிக் கொடுங்க, அதுதான் முக்கியம். நம்ம ஊர் மழையில அட்டை வளைஞ்சுடும், பிளாஸ்டிக் உறை போட்டே தபால்ல சேருங்க.