ஹெமடைட்டைச் சோனிகேட் செய்தால் தகடு வரவில்லை, உருண்டைதான் வருகிறது. எங்கே தவறு?

செம்புழுதி:
வணக்கம் நண்பர்களே. கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு இரண்டையும் திரவத்தில் மெல்லிய தகடுகளாக உரித்துப் பழகியவன் நான். ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு தாதுவிலிருந்து 'ஹெமட்டீன்' என்ற மிக மெல்லிய தகடு எடுத்ததாக 2018-இல் வந்த ஆய்வைப் படித்ததிலிருந்து அதைச் செய்து பார்க்க ஆசை. மூன்று மாதமாக முயல்கிறேன், ஒரு தகடுகூடக் கண்ணில் படவில்லை.

'5 மைக்ரான்' என்று லேபிள் போட்ட ஹெமடைட் பொடி 300 மி.கி., என்எம்பி (ஒரு கரிமக் கரைப்பான்) 100 மி.லி., புரோப் சோனிகேட்டரில் (கேளா ஒலியால் திரவத்தை அதிர வைக்கும் கருவி) 30 மணி நேரம். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 10,000 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் சுற்றினேன். மேலே நின்ற திரவம் நல்ல பழுப்பு நிறம். அதைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். டெம்மில் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) பார்த்தால் 20, 30 நானோமீட்டர் உருண்டைகள், சுற்றிலும் வழவழவென்று ஒரு படலம். சோனிகேஷன் நேரத்தைக் கூட்டட்டுமா, கரைப்பானை மாற்றட்டுமா?

படிகமுகம்:
நேரத்தைக் கூட்டாதீர்கள் தம்பி. கிராஃபைட்டில் அடுக்குகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி, பிடிப்பும் வலுவில்லாத வான்டர்வால்ஸ் விசைதான். அங்கே கரைப்பான் உள்ளே புகுந்து பிரித்துவிடும். ஹெமடைட்டில் அந்த இடுக்கே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இரும்பு–ஆக்ஸிஜன் பிணைப்பு. பெயர்தான் உரித்தல், நடப்பது உடைத்தல். எந்தத் தளத்தில் பிணைப்பு சற்று இளப்பமோ அதன் வழியே விரிசல் ஓட வேண்டும். அதற்கு அந்தத் தளம் துகளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்க வேண்டும்.

அதனால் முதல் சந்தேகம் உங்கள் பொடி மேல்தான். அந்த 5 மைக்ரான் துகள் ஒரே படிகமா, அல்லது பொடிப் படிகங்கள் ஒட்டிய கட்டியா? எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை) 33.2 டிகிரி முகட்டின் அரை உயர அகலம் எவ்வளவு?

செம்புழுதி:
0.4 டிகிரி அண்ணா. எக்ஸ்-கதிர் காப்பர் கே-ஆல்ஃபா (அலைநீளம் 0.154 நானோமீட்டர்).

படிகமுகம்:
முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போடுங்கள்: 0.9 × 0.154 நானோமீட்டர், கீழே 0.007 ரேடியன் × 0.958. சுமார் 21 நானோமீட்டர் வருகிறது. கருவியால் வரும் அகலத்தைக் கழித்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டெம்மில் நீங்கள் பார்த்த உருண்டையின் அளவும் அதே! சோனிகேட்டர் அந்தப் பொடிக் கட்டியை பொடிப் படிகங்கள் ஒட்டியிருந்த எல்லைகளில் உதிர்த்திருக்கிறது, படிகத்தை உடைக்கவே இல்லை. முகடு கூர்மையாக வரும் இயற்கை ஹெமடைட் படிகம் ஒன்றை எடுத்து, அகேட் உரலில் மெல்ல அரைத்து, அதிலிருந்து தொடங்குங்கள். பந்து அரவை வேண்டாம், அது படிக ஒழுங்கையே குலைத்துவிடும்.

அலைநீளம்:
படிகமுகம் சொன்னது சரி. அதோடு இரண்டு விஷயம். முதலாவது அந்தப் பழுப்பு நிறம். என்எம்பியை நீண்ட நேரம் சோனிகேட் செய்தால் அதுவே சிதைந்து நிறம் மாறும், பிசின் போன்ற பொருளும் உண்டாகும். உங்கள் 'வழவழப் படலம்' அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு. பொடி போடாத வெறும் என்எம்பியை அதே 30 மணி நேரம் ஓட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது சென்ட்ரிஃப்யூஜ். ரோட்டர் ஆரம் 8 செ.மீ. என்றால் 10,000 ஆர்பிஎம் ஏறக்குறைய 8,900 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு. ஹெமடைட்டின் அடர்த்தி 5.3, கிராஃபைட்டுக்கு 2.2 தான். தகடு உருவாகியிருந்தாலும் கசடோடு போயிருக்கும். முதலில் 1,500 ஆர்பிஎம் (சுமார் 200 ஜி), மேல்திரவத்தை எடுத்து அடுத்து 5,000 என்று படிப்படியாகச் சுற்றி, ஒவ்வொரு கசடையும் தனித்தனியாகப் பாருங்கள். கசடைக் கொட்டிவிடுவதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். பலமுறை விடை அங்கேதான் கிடக்கும்.

ஓரடுக்குத் தகட்டை மனதில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். தளத்துக்குள் இருக்கும் வலுவுக்கும் தளங்களுக்கு இடையே இருக்கும் வலுவுக்கும் வித்தியாசம் குறைவு என்பதால், கிராஃபீனைவிட நீள–தடிமன் விகிதம் குறைவாகத்தான் வரும்.

செம்புழுதி:
ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வெறும் என்எம்பியும் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது! அந்த நிறத்தை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

இயற்கைப் படிகத்தில் முகட்டின் அகலம் 0.12 டிகிரி. 1,500-இல் மேலே நின்றதை 5,000-இல் சுற்றியபோது விழுந்த கசடில் தகடுகள் இருக்கின்றன. ஐசோபுரொபனாலில் மூன்று முறை கழுவிய பிறகு ஏஎஃப்எம்மில் (அணு விசை நுண்ணோக்கி) தடிமன் 7 முதல் 12 நானோமீட்டர், நீளம் 150 பக்கம். கழுவுவதற்கு முன் அதே மாதிரியில் 20-க்கு மேல் காட்டியது. ஓரம் முறித்த ஓட்டாஞ்சில்லு மாதிரி கோணலாக இருக்கிறது, ஆனால் முகம் தட்டை.

படிகமுகம்:
அருமை தம்பி. ஒரு தகட்டின் மேல் எலக்ட்ரான் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) வடிவம் எடுத்தீர்களா? எந்தத் தளத்தில் உடைந்தது என்று அதுதான் சொல்லும்.

செம்புழுதி:
ஐந்து தகட்டில் எடுத்தேன் அண்ணா. மூன்றில் அறுகோணப் புள்ளிகள், அதாவது படிகத்தின் சி-அச்சு தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறது. மற்ற இரண்டும் வேறு தளம், இன்னும் குறியிடவில்லை. இந்த வாரம் முடித்துவிட்டுப் படத்தோடு போடுகிறேன்.