சிறப்புக் குழந்தைக்குப் பள்ளி தேடிய அனுபவம்

திருச்சி அம்மா:
இரண்டு பள்ளி பார்த்தாச்சு, மூன்றாவது தேடுகிறேன். பையனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். வருடக் கடைசியில் நோட்டுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். தமிழ் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தேதி, டீச்சர் கையெழுத்தில். கீழே ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு பக்கத்தில், ஓரமாக, பென்சிலில் ஃபேன் வரைந்திருந்தான். மூன்று இறக்கை, நடுவில் வட்டம், மேலே கம்பி. அந்த வருடம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. "தொந்தரவே இல்லைங்க, சமர்த்தா இருக்கான்" என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொன்னார்கள். நானும் சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

கோவை அப்பா:
எங்களுக்குச் சிறப்புப் பள்ளிதான் கைகொடுத்தது. மகளுக்கு சிபி (பெருமூளை வாதம்), பேச்சு வராது. முதல் நாள் தெரபிஸ்ட் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எந்தப் பக்கம் சாய்ஞ்சா வசதியா இருக்கு பாப்பா?" என்றார். கண்ணை இடது பக்கம் ஓட்டினாள். ஆறு வருடமாக வலது பக்கம் தலையணை வைத்தவன் நான். சாதாரணப் பள்ளியில் இதை யார் கேட்பார்கள்? அங்கே அலையாதீர்கள்.

நெல்லை அக்கா:
கோவை சார், மொத்தமாக அப்படிச் சொல்லாதீங்க. என் தங்கை மகன் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். வீல்சேர் தள்ள பிள்ளைகளுக்குள் போட்டி! திருச்சி அம்மா, யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை, வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அது. அப்புறம் வட்டார வள மையத்துக்கு (உங்கள் வட்டாரத்தில் உள்ள கல்வித்துறை மையம்) போய்ச் சிறப்பாசிரியரைப் பாருங்கள். எந்தப் பள்ளிக்கு என்றைக்கு வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அட்மிஷனுக்குப் போனால் "சேர்த்துக்குவீங்களா" என்று கெஞ்ச வேண்டாம். இவனுக்கென்று தனியாகப் பாடம் திட்டமிடப் போவது யார் என்று கேளுங்கள். பத்தாவதை நினைத்து இப்போதே பயப்படவும் வேண்டாம். என்ஐஓஎஸ், அதாவது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, இருக்கிறது. 14 வயது முடிந்தால் போதும். ஐந்து பாடம், பதிவு 5 வருடம் செல்லும், ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். ஓவியமே ஒரு பாடம்.

கோவை அப்பா:
அக்கா, தள்ள ஆள் இருக்கிறது சரி. பேச்சு வராத பிள்ளைக்கு? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 31-ஐப் பாருங்கள். 40 சதவீதம் குறைபாடு இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விருப்பப்பட்ட இடத்தில். இரண்டுக்கும் இடம் கொடுத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

திருச்சி அம்மா:
சண்டை வேண்டாம், இரண்டு பேருக்கும் நன்றி. நாளைக்கு ஒரு பள்ளிக்குப் போகிறோம். அந்தத் தமிழ் நோட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஃபேன் பக்கத்தைக் காட்டித்தான் பேசப் போகிறேன்.