பொது மெயிலில் வரும் கடிதங்கள் பாதி காணோம்: இரண்டு ஷிஃப்ட், ஒரே முகவரி

கோப்புக்கட்டு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஆர்டர், விசாரணை, பில் எல்லாவற்றுக்கும் ஒரே பொது மெயில் முகவரிதான். சொந்த டொமைன், ஹோஸ்டிங்கோடு வந்த மெயில்பாக்ஸ். அதை மூன்று சிஸ்டத்தில் போட்டிருக்கிறோம். என் மேஜையில் இருப்பதில் அவுட்லுக் மெயில் புரோகிராம். அதைக் காலையில் நானும் மதியத்துக்கு மேல் இன்னொருவரும் பயன்படுத்துகிறோம். ஆளுக்கொரு விண்டோஸ் லாகின், ஆளுக்கொரு அவுட்லுக். முதலாளி அறையில் ஒரு அவுட்லுக், குடோனில் தண்டர்பேர்ட் என்ற வேறு மெயில் புரோகிராம்.

வாடிக்கையாளர் போன் செய்து, "காலையிலேயே ஆர்டர் அனுப்பிட்டேனே, இன்னும் பார்க்கலையா?" என்று கேட்கிறார். என் இன்பாக்ஸில் அது இல்லை. அவரே அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அனுப்பிய மெயில் இருக்கிறது. ஆர்டர் மட்டும் இல்லை. வாரத்தில் பல தடவை இப்படி ஆகிறது. பிரௌசரில் வெப்மெயிலைத் திறந்தால் அங்கே கிட்டத்தட்ட காலி. இடையிடையே அவுட்லுக் பாஸ்வேர்ட் வேறு கேட்கிறது. பழைய பாஸ்வேர்டையே திரும்ப அடித்தால் பேசாமல் எடுத்துக்கொள்கிறது.

மதிய ஷிஃப்ட்காரர் நான் அழிக்கிறேன் என்கிறார். எனக்கு அவர் மேல் சந்தேகம். முதலாளிக்கு எங்கள் இரண்டு பேர் மேலும். வைரஸாக இருக்குமா? இல்லை, வெளியாள் யாராவது பாஸ்வேர்ட் தெரிந்து உள்ளே வருகிறார்களா?

நீலவானம் எழுதியது:

முதலில் சின்ன விஷயங்களைப் பாருங்கள். ஜங்க் ஃபோல்டர். இன்பாக்ஸ் மேலே "அன்ரீட்" மட்டும் காட்டும்படி வடிகட்டி போட்டிருக்கிறதா. யாராவது ரூல் எழுதி வேறு ஃபோல்டருக்குத் தள்ளுகிறார்களா. எங்கள் ஆபீஸில் தொலைந்துபோன மெயில் பாதிக்கு மேல் இந்த மூன்றில்தான் கிடைக்கும்.

கோப்புக்கட்டு எழுதியது:

மூன்றையும் பார்த்துவிட்டேன். ரூல் எதுவும் இல்லை. எல்லா ஃபோல்டரிலும் அனுப்பியவர் பெயரைப் போட்டுத் தேடியாயிற்று. என் சிஸ்டத்துக்கு அந்த மெயில் வரவே இல்லை.

பின்னிருக்கை எழுதியது:

பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். யாரோ நுழைந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்புறம், அவுட்லுக் மெயிலைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி ஃபைல், எல்லா சிஸ்டத்துக்கும் தனித்தனியாக எதற்கு? ஒரே பிஎஸ்டியை சர்வரில் ஷேர் போட்டு, எல்லா அவுட்லுக்கையும் அதிலேயே காட்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே இன்பாக்ஸ். முடிந்தது வேலை.

திருப்புளி எழுதியது:

பிஎஸ்டியை ஷேர் போடற யோசனைக்கு மட்டும் போயிடாதீங்க. ஒரு பிஎஸ்டியை ஒரு நேரத்துல ஒரு அவுட்லுக்தான் திறக்க முடியும். நெட்வொர்க் வழியா பிஎஸ்டி வச்சு தினசரி ஓட்டறதை மைக்ரோசாஃப்டே ஆதரிக்கிறது இல்லை. நடுவுல ஒரு தடவை கேபிள் ஆடினா போதும், ஃபைல் கெட்டுப் போகும். அப்புறம் கெட்ட ஃபைலைச் சரிபண்ற ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஆபீஸ் சிஸ்டம்களைப் பார்த்துக்கிறதுதான் என் பிழைப்பு. இப்படி ஷேர் போட்ட ஃபைலைத் தூக்கிட்டு நிறைய பேர் வந்திருக்காங்க.

இப்ப உங்க விஷயம். கேள்வியிலேயே ரெண்டு தடயம் இருக்கு: வெப்மெயில் காலி, பாஸ்வேர்ட் அப்பப்ப கேக்குது. இது ரெண்டும் சேர்ந்து வந்தா நான் முதல்ல பாக்கறது கணக்கு பாப் (POP) வகையா, ஐமேப் (IMAP) வகையான்னுதான். சர்வர்ல இருக்கற மெயிலை சிஸ்டத்துல பாக்கறதுக்கான ரெண்டு முறை அது. அவுட்லுக்ல ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் போங்க. முகவரிக்குப் பக்கத்துல "டைப்"னு ஒரு கட்டம் இருக்கும். அதுல பாப்னு இருந்தா (போர்ட்ங்கற இணைப்பு எண் 995, இல்லேன்னா பழைய 110), கதை அதுதான்.

பாப் முறையில மெயில் சர்வர்ல தங்கறதுக்காக வரலை. இறக்கிக்க வருது. ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், போன் லைன்ல கொஞ்ச நேரம் இணைப்புன்னு இருந்த காலத்துக்குச் செஞ்ச ஏற்பாடு. சிஸ்டம் மெயிலை இறக்கும், இறக்கினதும் சர்வர்ல இருக்கறதை அழிக்கச் சொல்லும். "லீவ் எ காப்பி ஆஃப் மெசேஜஸ் ஆன் தி சர்வர்"னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டிருந்தாத்தான் சர்வர்ல நகல் நிக்கும். நாலு இடத்துல மூணுல டிக் இருந்து ஒண்ணுல இல்லேன்னாலும், அந்த ஒண்ணு எல்லாருக்கும் சேர்த்துத் துடைச்சுடும். அதுக்கு முன்னாடி செக் பண்ணின சிஸ்டத்துல மெயில் இருக்கும், பின்னாடி பண்ணினதுல இருக்காது. அதனாலதான் ஒரே ஆளோட ஒரு மெயில் உங்ககிட்ட இருக்கு, அடுத்தது இல்லை.

பாஸ்வேர்ட் கேக்கறதுக்கும் காரணம் இதேதான். 1996ல எழுதின பாப்3 (பாப்போட மூணாவது பதிப்பு) விதிப்படி, ஒரு சிஸ்டம் உள்ள இருக்கும்போது மெயில்பாக்ஸ் பூட்டிக்கும். அந்த நேரத்துல இன்னொண்ணு கதவைத் தட்டினா சர்வர் முடியாதுன்னு பதில் சொல்லும். அவுட்லுக் அதைப் பாஸ்வேர்ட் தப்புன்னு எடுத்துக்கிட்டு உங்ககிட்ட கேக்குது. நீங்க அடிச்சு முடிக்கறதுக்குள்ள மத்தவர் வெளியே வந்துடுவார், பழைய பாஸ்வேர்டே போகும். கள்ளச்சாவி கதை இல்லை. இருந்தாலும் வெப்மெயில் செட்டிங்ல, வர மெயிலை வேற முகவரிக்குத் தள்ளற ஃபார்வர்டிங்னு ஏதாவது போட்டிருக்கான்னு ஒரு பார்வை பாத்துடுங்க, ஒரு நிமிஷ வேலை. பாஸ்வேர்டை இப்ப மாத்த வேண்டாம், அதுக்கு ஒரு நேரம் இருக்கு, சொல்றேன்.

எந்த சிஸ்டம் துடைக்குதுன்னு கண்டுபிடிக்க யாரையும் விசாரிக்க வேண்டாம். எல்லா அவுட்லுக், தண்டர்பேர்ட், போன்ல இருக்கற மெயில் ஆப் எல்லாத்தையும் மூடுங்க. உங்க சொந்த மெயில்ல இருந்து பொது முகவரிக்கு "சோதனை"ன்னு ஒண்ணு அனுப்புங்க. வெப்மெயில்ல வந்து நிக்குதா பாருங்க. நின்னா, சிஸ்டத்தை ஒவ்வொண்ணா திறந்து சென்ட் ரிசீவ் கொடுங்க. ஒவ்வொரு தடவையும் வெப்மெயிலை ரிஃப்ரெஷ் பண்ணுங்க. எதைத் திறந்ததும் சோதனை மெயில் மறையுதோ அதுதான். அது கிடைச்சதும் நிறுத்தாம, அதை மூடிட்டு இன்னொரு சோதனை மெயில் அனுப்பி மிச்சம் இருக்கறதையும் பாத்துடுங்க. பல இடத்துல ரெண்டு இருக்கும்.

இன்னொண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஒரே சிஸ்டத்துல ரெண்டு லாகின் வச்சிருக்கீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு போகும்போது "சைன் அவுட்" கொடுக்கறீங்களா, "ஸ்விட்ச் யூசர்" கொடுக்கறீங்களா? ஸ்விட்ச் யூசர்னா அந்த ஆளோட அவுட்லுக் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். வழக்கமா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயிலை இழுக்கும். திரையில எதுவும் தெரியாது. டாஸ்க் மேனேஜர்ல "யூசர்ஸ்" பக்கம் போய்ப் பாருங்க, எத்தனை பேர் உள்ளே இருக்காங்கன்னு தெரியும்.

கோப்புக்கட்டு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஃபார்வர்டிங் எதுவும் இல்லை. எல்லாம் பாப் கணக்குதான். முதலாளியின் அவுட்லுக்கைத் திறந்தோம், சோதனை மெயில் வெப்மெயிலில் அப்படியே நின்றது. குடோன் தண்டர்பேர்ட், அப்போதும் நின்றது. என் லாகினில் சென்ட் ரிசீவ் கொடுத்ததும் காணாமல் போனது. இரண்டாவது சோதனை மெயிலை மதிய ஷிஃப்ட்காரர் லாகினில் பார்த்தோம், அதுவும் போய்விட்டது. எங்கள் இருவரிடமும் அந்த டிக் இல்லை.

டாஸ்க் மேனேஜரில் நீங்கள் சொன்ன பக்கத்தைப் பார்த்தேன். காலை நேரம், நான் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயர் "டிஸ்கனெக்டட்" என்று கீழே நிற்கிறது, அம்புக்குறியை விரித்தால் அவுட்லுக் ஓடுகிறது. அவர் வந்ததும் லாகினைத் திறந்து பார்த்தோம். நான் தேடிய ஆர்டர் எல்லாம் அங்கே தடித்த எழுத்தில், ஒன்றுகூடத் திறக்காமல் இருக்கிறது. "காலைல வந்த மெயில்தானே, நீங்க பாத்திருப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்கிறார். என் பக்கமும் அப்படியே: மதியம் வந்தவை என் லாகினில் கிடக்கும், நேற்றே அவர் முடித்திருப்பார் என்று நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

முதலாளியிடம் காட்டியாயிற்று. இனி என்ன செய்வது? டிக் போட்டால் போதுமா?

திருப்புளி எழுதியது:

டிக்கை இன்னிக்கே போட்டுடுங்க, கசிவு நிக்கும். ஆனா அது ஒட்டுப்போடறதுதான். ஏற்கனவே இறங்கினது சர்வருக்குத் திரும்பாது. டிக்குக்குக் கீழேயே "14 நாளுக்கு அப்புறம் அழி"ன்னு இன்னொண்ணு இருக்கும். நீங்க போட்டதும் அதுவும் சேர்ந்து விழலாம், பாத்துக்குங்க. முதலாளி சிஸ்டத்துலயும் தண்டர்பேர்ட்லயும் அது இருக்கும்னு நினைக்கிறேன். யாராவது மூணு வாரம் லீவு போட்டுத் திரும்பினா அவங்க லாகினுக்கு முதல் வாரத்து மெயில் வராது. அது அடுத்த சண்டை.

நிரந்தரமா வேணும்னா ஐமேப்புக்கு மாறுங்க. அது ஒண்ணும் புதுசு இல்லை, 1986லயே மார்க் கிரிஸ்பின்ங்கற புரோகிராமர் எழுத ஆரம்பிச்சது. மெயில் சர்வர்லயே இருக்கும், எல்லா சிஸ்டமும் அதைத்தான் காட்டும். போர்ட் 993. ஹோஸ்டிங்கோட வர மெயில்பாக்ஸ்ல பெரும்பாலும் இது இருக்கும்.

மாறும்போது வரிசை முக்கியம். பாப் கணக்கை முதல்ல நீக்கிடாதீங்க. ஒவ்வொரு லாகின்லயும் டாகுமெண்ட்ஸ் உள்ள "அவுட்லுக் ஃபைல்ஸ்"னு ஒரு ஃபோல்டர், அதுல பிஎஸ்டி இருக்கும். அவுட்லுக்கை மூடிட்டு அதை ஒரு வெளி டிஸ்க்ல நகல் எடுங்க. ரெண்டு லாகின்லயும் தனித்தனியா. பேர் ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடாம வேற பேர் வைங்க. அப்புறம் கன்ட்ரோல் பேனல்ல "மெயில்" திறந்து புது ப்ரொஃபைல் (அவுட்லுக்கோட கணக்குத் தொகுப்பு) ஒண்ணு உண்டாக்கி, அதுல ஐமேப் கணக்கைப் போடுங்க. பழைய பிஎஸ்டியை ஃபைல், ஓபன் வழியா பக்கத்துல திறந்து வச்சு, வேண்டிய மெயிலை ஐமேப் இன்பாக்ஸுக்கு நகல் பண்ணுங்க. "மூவ்" வேண்டாம், "காப்பி". கொஞ்சம் கொஞ்சமா பண்ணுங்க. மொத்தமா இழுத்துப் போட்டா நடுவுல தொங்கும், எது போச்சு எது போகலைன்னு தெரியாது. அதுக்கும் முன்னாடி மெயில்பாக்ஸுக்கு எவ்வளவு இடம்னு ஹோஸ்டிங் பேனல்ல பாத்துக்குங்க. இதுவரைக்கும் சர்வர் காலியாவே இருந்ததால அந்தக் கவலை உங்களுக்கு வந்திருக்காது, இனிமே வரும். நிறைஞ்சா புது மெயில் அனுப்பினவங்களுக்கே திரும்பிடும்.

சென்ட் ஐட்டம்ஸையும் மறந்துடாதீங்க. பாப்ல யார் அனுப்பினாங்களோ அவங்க சிஸ்டத்துல மட்டும்தான் அது இருக்கு.

எல்லாம் மாறினதுக்கு அப்புறம் பாஸ்வேர்டை மாத்துங்க. நேரம்னு சொன்னேனே, அது இதுதான். எங்கேயாவது மறந்துபோன பழைய லேப்டாப், போன்ல பாப் கணக்கு ஓடிக்கிட்டிருந்தா அது தானா வெளியே நிக்கும்.

நீலவானம் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. நாங்கள் ஐமேப்புக்கு மாறிய புதிதில் வேறு மாதிரிக் குழப்பம். ஒருவர் திறந்து பார்த்துவிட்டால் எல்லா சிஸ்டத்திலும் "படித்தது" ஆகிவிடும், மற்றவர்கள் பதில் போயாயிற்று என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். இன்பாக்ஸைச் "சுத்தம்" செய்யும் வழக்கமுள்ள ஆள் ஒருவர் இருந்தார், கேட்கவே வேண்டாம்.

திருப்புளி எழுதியது:

நீலவானம் சொல்றது சரி, மாறினவங்க பாதிப் பேர் இதுலதான் தடுக்கி விழறாங்க. படிச்சதா இல்லையாங்கறதை அடையாளமா வச்சுக்காதீங்க. ஐமேப்ல பதில் போட்டதுக்குத் தனிக்குறி உண்டு. ஒரு சிஸ்டத்துல பதில் போட்டா மத்ததுலயும் உறைக்குப் பக்கத்துல அம்பு தெரியும். அதை நம்புங்க. முடிஞ்ச மெயிலை அழிக்காம "முடிந்தது"ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குத் தள்ளுங்க. இன்பாக்ஸ்ல நிக்கறதெல்லாம் பாக்கி, அவ்வளவுதான் விதி. பதில் எழுதறவர் கடைசியில தன் பேரைப் போட்டுடணும்.

கோப்புக்கட்டு எழுதியது:

என் லாகினில் மாற்றி முடித்துவிட்டேன், வேலை செய்கிறது. மதிய ஷிஃப்ட்காரர் லாகினை நாளை மாற்றப்போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: இரண்டு பிஎஸ்டியிலும் பழைய மெயில் சில பொதுவாக இருக்கிறது. இரண்டையும் ஏற்றினால் இரண்டிரண்டாக வந்துவிடாதா?

திருப்புளி எழுதியது:

வரும். உங்களுக்குள்ள பொதுவா இருக்கறது, ரெண்டு அவுட்லுக்ல எதுவும் துடைக்காத காலத்து மெயிலாத்தான் இருக்கும். அவரோட பிஎஸ்டியைத் தேதிவாரியா அடுக்கி, ரெட்டை எந்த மாசத்தோட நிக்குதுன்னு பாருங்க. அதுக்குப் பிறகு வந்ததை மட்டும் ஏத்துங்க. அதுக்கு முந்தினது உங்ககிட்ட இருந்து ஏற்கனவே போயிருக்கு. அவரோட சென்ட் ஐட்டம்ஸை மட்டும் முழுசா ஏத்திடுங்க, அது வேற எங்கேயும் இல்லை. நாளைக்கு அவர் வந்ததும் முதல்ல ஸ்விட்ச் யூசர்ல நிக்கற உங்க லாகினை சைன் அவுட் பண்ணிட்டு ஆரம்பிங்க.